இரண்டரை நிமிடச் சிரிப்பு

திரைப்பட முன்னோட்டங்களுள் மிகவும் கடினமானதும், அதேவேளை மிகவும் மலிவாகச் செய்யப்படுவதும் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டமே என்பது எனது நெடுநாள் அபிப்பிராயம். சண்டைப் படமொன்றின் முன்னோட்டத்தில் நான்கு வாகனங்கள் வெடித்துச் சிதறினாலும், திரையரங்கில் அவை மறுபடி வெடிக்கும்போது நாம் பார்க்கத்தான் செய்கிறோம். திகில் படமும் ஏறத்தாழ அவ்வாறே. சிரிப்பு அப்படியானதன்று. முதல்முறை கேட்டபோது வயிறு குலுங்கச் சிரித்த பகிடிக்கு இரண்டாம் முறை புன்முறுவல்தான் வரும். ஆகவே நகைச்சுவைப் படத்தை விளம்பரப்படுத்த வருபவர், தாம் விற்க வந்த பண்டத்தையே தெருவில் நின்று இலவசமாகக் கொடுத்துத் தீர்த்துவிடும் அபாயத்தில் எப்போதும் நிற்கிறார். அந்த அபாயத்தை உணர்ந்து வேலை செய்பவர்கள் சிலரே. ஏனையோர் படத்தின் மிகச் சிறந்த ஆறு சிரிப்புகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிவிட்டு, வெளியீட்டுத் திகதியைப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

1913 இல் நியூயோர்க்கில், மார்க்கஸ் லோவின் திரையரங்குகளுக்காக நில்ஸ் கிரான்லண்ட் என்பவர், பிரோட்வேயில் வரவிருந்த இசைநாடகமொன்றின் ஒத்திகைக் காட்சிகளைத் தொகுத்துக் காட்டியதே முதல் முன்னோட்டம் என்று சினிமா வரலாற்றாளர்கள் கூறுவர். படம் முடிந்த பின் அதன் வாலாகத் தொடர்ந்து வந்தமையால் 'ட்ரெய்லர்' என்ற பெயர் வந்தது. வால் தலைக்கு முன்னால் வந்த பின்னரும் பெயர் மாறவில்லை. வரலாறு இவ்வளவு போதும். எனது அக்கறை, இந்த இரண்டரை நிமிடத்துக்குள் சிரிப்பு எவ்வாறு உண்டாக்கப்படுகிறது, அது யாருடைய செலவில் உண்டாக்கப்படுகிறது என்பதிலேயே இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள 2005 இல் நடந்த ஒரு விளையாட்டைக் காட்டிலும் நல்ல பாடம் வேறில்லை. நியூயோர்க்கில் உதவிப் படத்தொகுப்பாளர்களுக்கென ஒரு போட்டி நடந்தது. ஏற்கனவே வெளிவந்த படமொன்றை எடுத்து, அதனை முற்றிலும் வேறு வகைப் படமாகத் தோற்றச் செய்யும் முன்னோட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ரொபேர்ட் ரியாங் என்ற இளைஞர் ஸ்டான்லி குப்ரிக்கின் 'த ஷைனிங்' (1980) படத்தைத் தெரிவு செய்தார். பனி மூடிய விடுதியில் அடைபட்ட எழுத்தாளன் சித்தம் கலங்கி, மனைவியையும் மகனையும் கோடரியுடன் துரத்தும் படம் அது. ரியாங்கின் கைகளில் அது தந்தையும் மகனும் ஒருவரையொருவர் கண்டடையும் மென்மையான குடும்ப நகைச்சுவைப் படமாகிவிட்டது! ஒருவர் கனிவான குரலில் கதை சொல்கிறார். எழுத்தாளனுக்கு எழுத்து வரவில்லையாம், சிறுவனுக்கு அப்பா வேண்டுமாம். முடிவில் பீட்டர் கேப்ரியலின் 'சொல்ஸ்பரி ஹில்' பாடல் உற்சாகமாக எழ, ஜாக் நிக்கல்சனின் சிரிப்பு அன்பான தகப்பனின் சிரிப்பாகத் தெரிகிறது.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ரியாங் புதிதாக ஒரு சட்டகத்தையேனும் படம்பிடிக்கவில்லை. நடிகரின் முகத்தை மாற்றவில்லை. அதே புருவம், அதே பற்கள். காட்சியை எந்த இடத்தில் துண்டிப்பது, அதன் மீது எந்த ஒலியைப் பரப்புவது என்ற இரண்டை மட்டுமே அவர் தீர்மானித்தார். மறுவருடம் கிறிஸ்தோபர் ரூல் என்பவர் இதன் தலைகீழ் வடிவத்தைச் செய்தார். குழந்தைகளின் செல்லப் படமான 'மேரி பொப்பின்ஸ்', பேய்ப் படமாக நம்முன் வந்து நின்றது. ஆக, ஒரு முகம் சிரிப்பூட்டுவதா அச்சமூட்டுவதா என்பதை அந்த முகம் தனியே தீர்மானிப்பதில்லை. நடிகர்கள் இதை அறிந்தால் வருந்துவார்கள். பெரும்பாலும் அறிந்துதான் இருக்கிறார்கள்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். நகைச்சுவை முன்னோட்டங்களில் மிக அதிகமாகப் பயன்படும் ஒலி எதுவென்று கேட்டால், ஒலியின்மை என்பேன். துள்ளலான இசையொன்று ஓடிக்கொண்டிருக்கும். காட்சிகள் அதன் தாளத்துக்கு வெட்டப்பட்டு வரும். நம் செவி அந்த ஓட்டத்துக்குப் பழகி, அடுத்த தாளத்தை எதிர்பார்த்து நிற்கும் கணத்தில் இசை சட்டென்று அறுந்துபோகும். அந்த வெறுமையில் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்வார், அல்லது எதுவும் சொல்லாமல் விழிப்பார். அவ்வளவுதான், அரங்கு சிரிக்கும். சொல்லப்பட்ட சொல் பெரிய பகிடியாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. மாடிப்படி முடிந்தது தெரியாமல் இல்லாத படியில் காலை வைத்துத் தடுமாறுவோமே, அதைப் போல செவி தடுமாறுவதே அங்கு சிரிப்பாகிறது. ஒரு காலத்தில் இந்த வேலையை இசைத்தட்டில் ஊசி கிறீச்சிடும் ஒலி செய்தது. இசைத்தட்டைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளும் அந்த ஒலியைக் கேட்டதும் 'ஏதோ கோணலாகிவிட்டது' என்று விளங்கிக்கொண்டார்கள். பின்னர் அது தேய்ந்து, அதைப் பயன்படுத்துவதே ஒரு கேலியாகிவிட்டது.

தேய்ந்துபோன ஒலியையே மூலப்பொருளாக வைத்துச் சிரிக்க வைத்த முன்னோட்டம் ஒன்று 2002 இல் வந்தது. ஜெரி சைன்பீல்டைப் பற்றிய 'கொமெடியன்' என்ற விவரணப் படத்துக்கானது. ஹொலிவூட் முன்னோட்டங்களில் கனத்த ஆண்குரலொன்று "அப்படியானதொரு உலகில்..." என்ற பாணியில் ஆரம்பிக்கும் வழக்கம் அக்காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 2008 இல் காலமான டொன் லாபொன்டைன் அந்தப் பாணியின் மன்னர். அவருக்கு நிகரான இன்னொரு குரலுக்குச் சொந்தக்காரர் ஹல் டக்ளஸ். 'கொமெடியன்' முன்னோட்டம், டக்ளஸை ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார வைக்கிறது. அவர் வழக்கமான தோரணையில் தொடங்குகிறார். வெளியே இருப்பவர் இடைமறித்து, அந்த வாசகம் வேண்டாம் என்கிறார். டக்ளஸ் சற்று யோசித்து, அதே வகையைச் சேர்ந்த மற்றொரு தேய்ந்த வாசகத்தை எடுத்து விடுகிறார். அதுவும் வேண்டாம் என்கிறார்கள். அவரிடம் இருப்பதெல்லாம் அத்தகைய வாசகங்களே. கமரா அசையவில்லை, வித்தை எதுவும் காட்டவில்லை. தன் தொழிலைத் தவிர வேறெதுவும் அறியாத ஒரு மூத்த கலைஞர், அந்தத் தொழில் காலாவதியாகிவிட்டது என்று கேட்டுத் திகைக்கும் திகைப்புத்தான் முழு நகைச்சுவையும். சைன்பீல்டின் பகிடி ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் படத்தை விற்றுவிட்டார்கள். அச்சுக்கோர்க்கும் காலத்தின் கடைசி மனிதர்களைப் பத்திரிகை அலுவலகங்களில் பார்த்திருக்கும் எனக்கு, அதைக் காணும்போது சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் எழுவதுண்டு.

குப்ரிக்கின் பெயர் மறுபடியும் இங்கே வந்தாக வேண்டும். 1964 இல் வெளியான அவரது 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' அணுவாயுதப் போரைப் பற்றிய கருப்பு நகைச்சுவை. அதன் முன்னோட்டத்தைச் செய்தவர் கியூபாவில் பிறந்த பப்லோ பெரோ. சொற்கள் ஒவ்வொன்றாகக் கறுப்புத் திரையில் மின்னி மறைய, அவற்றுக்கிடையே படத்தின் துணுக்குகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து செல்லும். ஒரு பகிடியையும் முழுமையாகக் கேட்க முடியாது. ஆயினும் இந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்ற எண்ணம் மட்டும் நமக்கு உறுதியாகிவிடும். அறுபது ஆண்டுகள் கடந்தும், இன்றைய பல முன்னோட்டங்களை விட அது இளமையாக இருக்கிறது.

கமராவுக்கு வருவோம். நகைச்சுவைக்குக் கமரா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, பல வேளைகளில் தள்ளி நிற்பதுதான். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து பஸ்டர் கீட்டன் மீது விழுகிறது. மேல்மாடி யன்னலின் திறந்த இடைவெளி சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்க, மனிதர் நின்றது நின்றபடியே நிற்கிறார். அதை ஒரே சேய்மைக்காட்சியில் பார்ப்பதால்தான் நாம் மூச்சையடக்கிப் பின் சிரிக்கிறோம். இடையில் ஒரு முறை முகத்துக்கு அண்மையில் வெட்டியிருந்தாலும், 'சரி, ஏதோ தந்திரம்' என்று மனம் சொல்லியிருக்கும். பிரான்சின் ஜாக் டாட்டி 'பிளே டைம்' (1967) படத்தில் இன்னும் தூரம் போனார். ஒரே சட்டகத்துள் நான்கைந்து மூலைகளில் நான்கைந்து வேடிக்கைகள் நடக்கும். எதைப் பார்ப்பது என்பது நம் விருப்பம்.

இத்தகைய நகைச்சுவை முன்னோட்டத்துக்குள் நுழையவே முடியாது. ஏனெனில் முன்னோட்டத்துக்குப் பொறுமை கிடையாது. அங்கே ஒரு காட்சி இரண்டு வினாடி நீடித்தாலே அதிகம். தள்ளி நின்று பார்க்க நேரமில்லாதபடியால் முகங்கள் திரையை நிறைக்கின்றன. அதிலும் இப்போது முன்னோட்டத்தைப் பெரும்பாலோர் உள்ளங்கையளவு கைபேசித் திரையில் பார்க்கிறார்கள். அங்கே சேய்மைக்காட்சியில் மனிதர் எறும்பாகிவிடுவார். இந்த வேகத்தைக் குறையாகக் கருதாமல் அதையே மொழியாக்கிக்கொண்டவர்களும் உண்டு. எட்கார் ரைட்டின் 'ஷோன் ஒப் த டெட்' (2004) படத்தில் அன்றாடக் காரியங்கள்கூட அதிரடிப் படத்துக்குரிய அண்மைக்காட்சிகளாலும் பேரொலியாலும் படபடவென வெட்டிக் காட்டப்படும். காரியத்தின் சிறுமையும் ஒலியின் பிரமாண்டமும் மோதுவதில் சிரிப்பு பிறக்கிறது. அது முன்னோட்டத்துக்கு அளந்து தைத்த சட்டை. ஆனால் அதே படத்தின் மிகச் சிறந்த பகிடி வேறு. நாயகன் காலையில் தெருவைக் கடந்து கடைக்குப் போய் வருகிறான், கமரா பின்தொடர்கிறது. பின்னொரு நாள், நகரமே பிணங்களின் நடமாட்டமாகிவிட்ட பிறகு, அவன் அதே வழியால் அதே கடைக்குப் போய் எதையும் கவனியாமல் திரும்புகிறான். முதல் நடையைப் பார்த்து நினைவில் வைத்திருப்பவருக்கே இரண்டாவது நடை முழுமையாகச் சிரிப்பூட்டும். நினைவை முன்னோட்டத்தால் கொடுக்க இயலாது.

நம் மொழியில் இதற்கு நல்ல உதாரணம் பாலாஜி தரணீதரனின் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012). தலையில் அடிபட்டு அண்மைக் கால நினைவை இழந்த மணமகன், அதே சில வசனங்களை அதே ஏற்ற இறக்கத்தோடு திரும்பத் திரும்பச் சொல்கிறான். மூன்றாம் முறை அலுப்பாக இருக்கும். ஏழாம் முறை அடக்க முடியாத சிரிப்பு வரும். அலுப்பைக் கடந்துதான் அந்தச் சிரிப்பை அடைய வேண்டும். இரண்டரை நிமிடத்தில் யாரை அலுப்படையச் செய்வது?

தமிழில் முன்னோட்டக் கலையைப் பற்றிப் பேசுபவர்கள் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யை நினைவுகூர வேண்டும். அதுவும் 1964 தான். 'மேரி பொப்பின்ஸ்' படமும் அதே ஆண்டே. நகைச்சுவைக்கு என்ன யோகமான ஆண்டோ தெரியவில்லை! படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், தந்தை பாலையாவுக்குத் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்லும் காட்சியை அறியாத தமிழர் இருக்க முடியாது. சற்று யோசித்துப் பாருங்கள். நாகேஷ் அங்கே செய்வது முன்னோட்டம் அல்லாமல் வேறென்ன? இல்லாத ஒரு படத்தை, அதன் இருளையும் காலடி ஓசையையும் கதவின் முனகலையும் தன் வாயாலேயே எழுப்பி, முதலீடு செய்யக்கூடிய ஒருவருக்கு விற்கப் பார்க்கிறார். கதை முழுவதும் சொல்லப்படுவதில்லை. சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

அந்தக் காட்சியில் சிரிப்பு உண்மையில் எங்கே இருக்கிறது? என் மதிப்பீட்டில் பாதிக்கு மேல் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. சொத்தும் செருக்கும் கொண்ட பெரிய மனிதர், மகன் உளறுகிறான் என்று தெரிந்திருந்தும், அந்த ஒலிகளுக்குள் மெல்ல மெல்ல இழுபட்டுக் குழந்தையைப் போல வெலவெலத்துப் போகிறார். சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து இருக்க, அந்த இருவருக்கும் தங்கள் வேலையைச் செய்துமுடிக்க நேரம் தரப்படுகிறது. இன்றைய முன்னோட்டத் தொகுப்பாளர் ஒருவரிடம் இதனைக் கொடுத்தால், நாகேஷின் மூன்று ஒலிகளையும் பாலையாவின் ஓர் அலறலையும் மட்டும் எடுத்துக்கொள்வார். அந்த அலறலை நோக்கி அவர் இழுபட்ட வழி கத்தரிக்கப்பட்டிருக்கும்.

ஒலியாலேயே படம் காட்டும் வித்தை எங்கள் தீவுக்குப் புதியதன்று. என் பள்ளிப் பருவத்தில் முன்னோட்டம் என்பது பார்க்கும் பொருளாக இருக்கவில்லை, கேட்கும் பொருளாக இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் மறைந்த கே. எஸ். ராஜா, வசனத் துண்டுகளையும் பாடல்களையும் தமது மின்னல் வேகக் குரலால் கோத்து 'திரைவிருந்து' படைத்தபோது, இங்கே யாழ்ப்பாணத்திலும் கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் மக்கள் படத்தைக் காதால் பார்த்தார்கள். முகங்களை நாங்களே வரைந்துகொண்டோம். அதே வானொலியில் புகழ்பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. அதன் பாத்திரங்கள் வாயைத் திறந்த மறுகணமே இன்னார் என்று தெரிந்துவிடும். மரிக்காராக எஸ். ராமதாஸ் பேசிய முஸ்லிம் மக்களின் தமிழ், அப்புக்குட்டியாக ராஜகோபால் பேசிய யாழ்ப்பாணத் தமிழ், உபாலியாகச் செல்வசேகரன் பேசிய சிங்களவரின் தமிழ், ஐயராக அப்துல் ஹமீத் பேசிய பிராமணத் தமிழ். ஒரு முஸ்லிம் ஐயராகவும் ஒரு தமிழர் மரிக்காராகவும் குரல் கொடுத்து, நாடு முழுவதும் சிரித்த காலம் அது. அதன் பிறகு வந்த காலத்தை வாசகர்கள் அறிவார்கள்.

பேச்சுவழக்கு என்பது பாத்திரத்தைப் பத்து வினாடிக்குள் அறிமுகம் செய்ய உதவும் குறுக்குவழி. முன்னோட்டத்துக்கு அது மிகவும் தேவை. கேடும் அங்கேதான் தொடங்குகிறது. குறுக்குவழி தேடுபவருக்குப் பேச்சுவழக்கை விடவும் விரைவானவை கிடைக்கின்றன. பருமனான உடல், கறுத்த நிறம், வழுக்கை, பெண்வேடமிட்ட ஆண் ஆகியன. படத்தில் அந்தப் பருமனான மனிதருக்கு ஒரு வீடும் ஒரு கவலையும் இருக்கலாம், பதிலடி கொடுக்கும் ஒரு காட்சியும் இருக்கலாம். முன்னோட்டத்தில் அவர் நாற்காலியை உடைப்பதற்காக மட்டும் வருகிறார். தமிழ்ப் படங்களின் முன்னோட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வழக்கம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

பத்திரிகைத் தொழிலில் தலைப்பிடுவது ஒரு தனிக் கலை. செய்தியில் இல்லாததைத் தலைப்பில் போடக் கூடாது என்பது துணை ஆசிரியராகச் சேர்பவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது. முன்னோட்டத்துக்கு அப்படியொரு கட்டுப்பாடு உண்டா? 'யெஸ்ட்டர்டே' (2019) என்ற இசை கலந்த நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் நடிகை அனா டி அர்மாஸ் தோன்றினார். படத்தில் அவர் இல்லை, அவரது காட்சிகள் நீக்கப்பட்டிருந்தன. அவரைக் காண்பதற்காகத் தலைக்கு 3.99 டொலர் கொடுத்து இணையத்தில் படத்தை வாடகைக்கு எடுத்த இரண்டு இரசிகர்கள் 2022 இல் தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். முன்னோட்டம் ஒரு கலைப்படைப்பு, ஆகவே அதற்குக் கருத்துச் சுதந்திரத்தின் முழுப் பாதுகாப்பு உண்டு என்று நிறுவனம் வாதிட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்க நீதிபதி அதனை ஏற்கவில்லை. முன்னோட்டம் வணிக விளம்பரமே என்றும், பொய் விளம்பரத்துக்கான சட்டம் அதற்கும் பொருந்தக்கூடும் என்றும் கூறினார். வழக்கு பின்னர் வேறு காரணங்களால் தள்ளுபடியானது. சிரித்துவிட்டுப் போகக்கூடிய வழக்குத்தான். ஆயினும் பிள்ளைகளோடு சிரித்துவிட்டு வரலாம் என்று நம்பி, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ நால்வருக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் எங்கள் குடும்பங்களை எண்ணிப் பார்க்கும்போது, அந்த 3.99 டொலர் அவ்வளவு சிறிதாகத் தெரியவில்லை.

இல்லாத காட்சியைக் காட்டுவதைவிட எனக்குக் கவலை தருவது, இருக்கும் காட்சியைப் பாதியில் நறுக்குவது. கே. எஸ். ரவிகுமார் இயக்கிய 'தெனாலி' (2000) படத்தில் கமல்ஹாசன் எதைக் கண்டாலும் அஞ்சும் ஈழத்துத் தமிழனாக வருகிறார். அந்தத் தமிழைப் பயில அவருக்குத் துணைநின்றவர், முன்பு ஐயராகக் குரல் கொடுத்த அதே அப்துல் ஹமீத். தான் அஞ்சுபவை எவையெவை என்று தெனாலி மூச்சுவிடாமல் அடுக்கும் காட்சி எத்தனையோ ஆண்டுகளாகத் தொலைக்காட்சிகளில் தனித்துண்டாக ஓடி வருகிறது. இப்போது இணையத்திலும் ஓடுகிறது. நன்றாகவே செய்யப்பட்ட காட்சி. எங்கள் பேச்சின் இழுவையும் அந்த முகத்தின் பதைப்பும் பட்டியலின் நீளமும் சேர்ந்து சிரிப்பு வரத்தான் செய்கிறது. நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் துண்டு அந்தப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. அவனுடைய அச்சத்துக்குப் பின்னால் ஒரு போர் இருப்பதைப் படம் சொல்கிறது. சொல்லிய அளவு போதுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம், ஆயினும் சொல்கிறது. துண்டு சொல்வதில்லை. ஆகவே படத்தைப் பார்த்திராத ஒரு தலைமுறைக்கு, ஈழத் தமிழ் என்பது பயந்தாங்கொள்ளி ஒருவனின் வேடிக்கைப் பேச்சாக வந்து சேர்ந்தது. போரிலிருந்து தப்பி மேற்கு நாடுகளுக்குப் போனவர்களின் பிள்ளைகள், தம் பெற்றோர் பேசும் தமிழைத் தமிழகத்து நண்பர்கள் அந்தத் துண்டின் ஏற்ற இறக்கத்தில் பேசிக் காட்டியதாகக் கூறக் கேட்டிருக்கிறேன். கேலி செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். படத்தில் அந்தப் பட்டியலுக்கு அப்பாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தெனாலி பேசிக்கொண்டிருக்கிறான்.